ஐந்தாம் அத்தியாயம்: கட்டுரைக்குள்ளிருந்து ஒரு சித்திரம்

பத்திரிகைகளுக்குச் சித்திரம் எழுதுவோரை மூன்று வகையாகப் பிரிக்கலாம். கதாநாயகி ஜன்னலோரம் நின்று கண்ணீர் வடித்தாள் என்று கதாசிரியர் எழுதியிருந்தால், ஜன்னலையும் கதாநாயகியையும் கண்ணீரையும் வாசகர் மனம் கொள்ளும்படி எழுதித் தருபவர் முதல் வகையினர். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியமும், விகடனில் வந்த 'தில்லானா மோகனாம்பா'ளுக்குக் கோபுலுவும் எழுதிய சித்திரங்கள் இவ்வகையின் சிகரங்கள். அன்றைய செய்தியைப் பிடித்து, மந்திரியின் மூக்கைச் சற்று நீட்டி, சிரிக்க வைத்துக்கொண்டே நியாயம் கேட்பவர் இரண்டாம் வகையினர். பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை 1906 முதல் தமிழ் வாசகருக்கு இக்கலையைப் பழக்கிற்று. மூன்றாம் வகையே இவ்வத்தியாயத்துக்கு உரிய விஷயம். விலைவாசி, முதுமை, நீர்ப்பங்கீடு, தனிமை, பரீட்சைப் பயம் என்று தமக்கென ஓர் உருவமே இல்லாத பொருள்களைப் பற்றி ஒருவர் ஆயிரம் வார்த்தைகளில் வாதம் செய்திருக்க, அந்த வாதத்துக்குக் கண்ணால் பார்க்கத்தக்க ஓர் உருவத்தைக் கற்பித்துத் தரும் காரியம் அது.

இந்த மூன்றாம் வகைக்கு வருகிற இளைஞர்களில் பெரும்பாலோர், கை நன்றாக ஓடினால் போதும், கருத்துத் தானே வந்து சேரும் என்ற நம்பிக்கையோடு வருகிறார்கள். என் அபிப்பிராயத்தில், கை நன்றாக ஓடுவதே இத்தொழிலின் முதல் அபாயம். ஏனெனில், தலைப்பைக் கேட்ட மாத்திரத்தில், கட்டுரையை வாசித்து முடிக்கும் முன்னரே, சாமர்த்தியமுள்ள கை காகிதத்தை நிரப்பிவிடுகிறது. நிரப்பியது பார்வைக்கு அழகாகவும் இருந்து தொலைப்பதால் அதைக் கிழித்தெறிய மனம் வருவதில்லை. கருத்துச் சித்திரத்தில் பெரும்பங்கு வாசிப்பு. அதற்கு அடுத்த பங்கு, தோன்றியவற்றைத் தள்ளுதல். இரண்டும் போக மீதமிருக்கும் கொஞ்ச நேரத்தில் நடப்பதுதான் வரைதல்.

மைசூர் காட்டும் வழி

இந்த நூலை மைசூரில் உட்கார்ந்து எழுதுவதில் எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. உதாரண புருஷரைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. ராசிபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தில், இவ்வூர் மகாராஜா உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியருக்குக் கடைசிப் புதல்வராக 24 அக்டோபர் 1921 அன்று பிறந்த ஆர்.கே. லக்ஷ்மண், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத வயதிலேயே, வீட்டுக்கு வந்துகொண்டிருந்த 'ஸ்ட்ராண்ட்', 'பஞ்ச்', 'டிட்-பிட்ஸ்' முதலிய ஆங்கிலப் பத்திரிகைகளின் படங்களில் லயித்துக் கிடந்தவர். பள்ளிப்படிப்பு முடிந்ததும் பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளிக்கு விண்ணப்பம் போட, அங்கே சேர்த்துக்கொள்ளும் அளவுக்குத் திறமை இல்லையென்று பதில் வந்தது. பிற்காலத்துப் புகழை நினைத்து இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். எனக்கோ அதில் வேறொன்று புலப்படுகிறது. கலைப்பள்ளியில் கழிந்திருக்க வேண்டிய வருஷங்களை அவர் மைசூர் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. படிப்பதிலும், தமையனார் ஆர்.கே. நாராயண் 'ஹிந்து'வில் எழுதிய கதைகளுக்குப் படம் போடுவதிலும், 'கொரவஞ்சி' என்ற கன்னட நகைச்சுவைப் பத்திரிகைக்கு எழுதித் தருவதிலும் செலவிட்டார். அதாவது, பிறர் எழுதிய வாக்கியங்களை வாசித்து, அவற்றின் உட்பொருளுக்கு உருவம் தேடும் பயிற்சி, தொழில் தொடங்கும் முன்பே அவருக்கு வாய்த்துவிட்டது.

1947-ல் பம்பாய் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் சேர்ந்து, 1951-ல் 'யு செட் இட்' என்ற தினசரிச் சித்திரத்தைத் தொடங்கிய பிறகு நடந்த ஒரு விஷயம் நமக்கு முக்கியமானது. பாரத தேசத்து ஜனங்களைக் காட்ட வேண்டிய இடத்திலெல்லாம் முதலில் அவர் வங்காளி, தமிழர், பஞ்சாபி என்று பலரை எழுதிப் பார்த்தார். நாள்தோறும் குறித்த நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டிய நிர்ப்பந்தத்தில் ஒவ்வொருவராக உதிர்ந்துபோய், கடைசியில் மிஞ்சியவர்தான் கட்டம்போட்ட கோட்டும் வேட்டியும் மூக்குக் கண்ணாடியும் அணிந்து, வாயே திறக்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தச் சாமானிய மனிதர். சேர்த்துக்கொண்டே போய் அவர் அந்த உருவத்தை அடையவில்லை. கழித்துக்கொண்டே வந்து அடைந்தார். அவகாசம் போதாமையைக் குறை கூறும் சித்திரக்காரர்கள் இதைச் சிந்திப்பது நலம்.

இன்னும் பின்னே போனால், இதே ஊரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தொகுப்பித்த 'ஸ்ரீதத்வநிதி' இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் பெருநூலில் தெய்வங்களின் தியான சுலோகங்களும், அவற்றுக்கேற்ப அரண்மனைச் சித்திரக்காரர்கள் எழுதிய மூர்த்திகளும் அருகருகே உள்ளன. தியான சுலோகம் கதை சொல்வதில்லை. கரங்கள் எத்தனை, எந்தக் கரத்தில் எந்த ஆயுதம், வாகனம் எது, வர்ணம் எது என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அவ்வளவு கொண்டே, முகத்தைப் பாராமலே, இன்ன தெய்வம் என்று பக்தன் அறிந்துகொள்கிறான். நாம் கோயிலுக்குச் சித்திரம் எழுதவில்லை, வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறோம் என்பது உண்மையே. ஆயினும், அருவமானதைக் காட்ட முகபாவத்தை நம்புவதைவிடக் கையில் இருக்கும் பொருளை நம்புவது மேல் என்ற சூட்சுமம் இரண்டுக்கும் பொது. கவலை தோய்ந்த முகம் ஒன்றை எழுதி, அது விலைவாசியைக் குறிக்கும் என்று எதிர்பார்ப்பவர் வாசகருக்கு ஜோசியம் தெரியுமென்று நினைக்கிறார்.

வாசிக்கும் முறை

கட்டுரை கைக்கு வந்ததும் தலைப்பை மறைத்துவிட்டுப் படியுங்கள். தலைப்பு பெரும்பாலும் உதவி ஆசிரியர் இட்டது. கடைசி நிமிஷத்தில் மாறக்கூடியது. அதைப் பிடித்துக்கொண்டு எழுதிய சித்திரம், தலைப்பு மாறிய மறுகணம் அநாதையாகிவிடும். முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடவேண்டாம். இரண்டாம் வாசிப்பில் பென்சில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் படம் போடுவதற்கன்று, வினைச்சொற்களின் கீழ் கோடிடுவதற்கு.

பெயர்ச்சொற்களை விட்டு வினைச்சொற்களைத் தேடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் பத்திரிகை உலகில் ஏற்கெனவே ஒரு படம் பட்டா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கல்வி என்றால் பட்டமளிப்புக் குல்லாய். நீதி என்றால் தராசு. புது யோசனை என்றால் எரிகிற பல்பு. பொருளாதாரம் என்றால் காசு அடுக்கு, அதன்மேல் ஒரு செடி. இந்நாளில் கம்ப்யூட்டரிடம் நாலு வார்த்தை சொன்னால் படம் போட்டுத் தரும் வசதி வந்திருக்கிறதல்லவா, அதுவும் முதலில் கொண்டுவந்து நீட்டுவது பெரும்பாலும் இதே குல்லாயையும் பல்பையும்தான். வினைச்சொல்லுக்கு அப்படிப்பட்ட ஆயத்தப் படம் கிடையாது. தேங்குகிறது, நழுவுகிறது, மறைக்கிறது, கடன் வாங்கிக் கடன் அடைக்கிறது என்பவை இரண்டு பொருள்களுக்கு இடையே உள்ள உறவைச் சொல்கின்றன. கட்டுரையாளரின் வாதம் அந்த உறவில்தான் குடியிருக்கிறது. ஆகவே, இரண்டாம் வாசிப்பு முடிந்ததும், 'எது, எதை, என்ன செய்கிறது' என்ற அமைப்பில் ஒரே வாக்கியம் எழுதுங்கள். அவ்வாறு எழுத முடியாவிட்டால் ஒன்று, நீங்கள் சரியாகப் படிக்கவில்லை. அல்லது, கட்டுரையில் வாதமே இல்லை. பின்னது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நேர்கிறது, அப்போது ஆசிரியருக்குப் போன் செய்து, "சார், இதில் அவர் என்னதான் சொல்ல வருகிறார்?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. ஆசிரியரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருப்பார்.

தேர்தலைப் பற்றிய ஒரு சிறு உதாரணம். வாக்காளரின் இடக்கை ஆள்காட்டி விரலில் வைக்கும் அழியாத மை இந்த மைசூரில்தான் தயாராகிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937-ல் ஆரம்பமாகி, இன்று கர்நாடக அரசின் வசம் உள்ள மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் ஸ்தாபனம் 1962 பொதுத்தேர்தல் முதல் அதைத் தந்து வருகிறது. வெள்ளி நைட்ரேட் கலந்த அந்தத் துளி மை, தேசத்துச் சித்திரக்காரர்களை அறுபது வருஷமாக யோசனை செய்யும் சிரமத்திலிருந்து காப்பாற்றி வந்திருக்கிறது. தேர்தல் என்றால் மை வைத்த விரல் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம். இப்போது, வேலை தேடி வெளியூர் போன தொழிலாளர்கள் வாக்களிக்க ஊர் திரும்ப முடியாமல் போவதைப் பற்றி ஒரு கட்டுரை வருகிறதென்று கொள்வோம். நம் வாக்கியம், 'பிழைப்பு வாக்கைத் தூரத்தில் நிறுத்துகிறது' என்று அமைகிறது. நெரிசலான ரயில் பெட்டியில் மேலே தொங்கும் கைப்பிடிகளைப் பற்றியிருக்கும் பத்துப் பன்னிரண்டு கைகளை மட்டும் எழுதுங்கள். காய்ப்பேறிய கைகள், பெயிண்ட் தெறித்த கைகள், சிமெண்ட் வெளுத்த நகங்கள். எந்த விரலிலும் மை இல்லை. வாசகர் அந்த மையைத் தாமே தேடுவார். தேடிக் காணாதபோது கட்டுரையின் வாதம் பாதி புரிந்துவிடும். பழகித் தேய்ந்த குறியீட்டை விலக்குவதே வழி என்றில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமற் செய்வதும் ஒரு வழி.

ஒரு சித்திரம் உருவாகும் விதம்

இனி ஒரு கடினமான விஷயத்தை எடுத்துக்கொண்டு, அடி முதல் நுனி வரை எப்படிச் செய்வதென்று பார்க்கலாம். காவிரி நீர்ப் பங்கீட்டைப் பற்றிச் சென்னை வாரப் பத்திரிகை ஒன்று கட்டுரை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 பிப்ரவரி 2007-ல் நடுவர் மன்றம் கொடுத்த இறுதித் தீர்ப்பும், 16 பிப்ரவரி 2018-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு வந்துசேர வேண்டிய அளவை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்ததும் கட்டுரையில் இருக்கின்றன. மழை பெய்த வருஷத்தில் தகராறு இல்லை. பொய்த்த வருஷத்தில் பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்பதே தகராறு என்பது ஆசிரியரின் கட்சி.

கை தானாக ஓடி முதலில் எழுதுவன எவை என்று நமக்குத் தெரியும்: வெடித்துக் கிடக்கும் வயல், ஒரு குடத்தை இருவர் இழுப்பது, தராசு, விரிந்த கூந்தலோடு காவிரித்தாய். இவற்றை எழுதாமல் அடக்கிக்கொள்ள முயலவேண்டாம். அடக்கினால் மனத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு தொந்தரவு செய்யும். நான்கையும் தீப்பெட்டி அளவில் சரசரவென்று எழுதி ஒரு பக்கத்தில் வைத்துவிடுங்கள். வயல் வறட்சியைச் சொல்கிறது, பகிர்வைச் சொல்லவில்லை. குடம் சண்டையைச் சொல்கிறது. ஆனால் சண்டை எப்போதும் இருப்பதாகச் சொல்கிறது. தராசு, தீர்ப்பு இன்னும் வரவில்லை என்பது போல ஆடிக்கொண்டிருக்கும். காவிரித்தாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நதியைத் தெய்வமாக்கிவிட்டால் டி.எம்.சி. கணக்கு பேச முடியாமல் போய்விடும், கல்லெறியும் கூடவே வரும்.

பிறகு மறுபடி வாசிக்கும்போது ஒரு சிறு விஷயம் கண்ணில் படும். மழைக்காலம் வந்துவிட்டால் மைசூரில் விற்கும் கன்னடப் பத்திரிகைகள் தினமும் கே.ஆர்.எஸ். அணையின் நீர்மட்டத்தைப் போடும்; முழு அளவு 124.80 அடி. தமிழ்ப் பத்திரிகைகள் மேட்டூர் நீர்மட்டத்தைப் போடும்; முழு அளவு 120 அடி. நதி ஒன்று, காலையில் காபி குடித்துக்கொண்டே பார்க்கிற எண்கள் இரண்டு. இந்தக் கரையில் இருப்பவர் எவ்வளவு இருக்கிறது என்று படிக்கிறார். அந்தக் கரையில் இருப்பவர் எவ்வளவு பாக்கி என்று படிக்கிறார். நம் வாக்கியம் கிடைத்துவிட்டது: 'ஒரே அளவை இருவர் எதிரெதிர்த் திசையில் படிக்கிறார்கள்.' படம் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது.

அணையில் நீர்மட்டம் பார்க்க நட்டிருக்கும் அளவுக்கம்பம் ஒன்று, நீண்டு குறுகிய இடத்தின் நடுவே செங்குத்தாக நிற்கிறது. சதுரக் கம்பம், அதன் முனைப்பக்கம் நம்மைப் பார்க்கும்படி எழுதியிருப்பதால் இரண்டு முகங்களும் தெரிகின்றன. இடப்பக்க முகத்தில் எண்கள் அடியிலிருந்து மேலே ஏறுகின்றன. வலப்பக்க முகத்தில் அதே எண்கள் உச்சியிலிருந்து கீழே இறங்குகின்றன. தண்ணீர் நிற்கும் இடத்தில் இடப்பக்கம் 3, வலப்பக்கம் 7. இரு கரைகளிலும் இரண்டு விவசாயிகள் கண்மேல் கை வைத்து எண்ணைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் சித்திரம்.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கங்கள் சில உண்டு. இரண்டு விவசாயிகளும் ஒரே அச்சாக இருக்க வேண்டும்: ஒரே வேட்டி, ஒரே துண்டு, ஒரே நிலை. ஒருவர் தலைப்பாகையை மாற்றிக் கட்டினீர்களோ, அவர் இன்ன மாநிலத்தவர் என்றாகி, மற்றவர் அதற்கு எதிரி என்றாகிவிடும். ஒருவருக்கு மஞ்சளும் சிவப்பும் கொடுத்துவிட்டால் இந்த ஊரில் குழந்தை கூட அது கன்னடக் கொடியென்று சொல்லிவிடும். மறுநாள் உங்கள் கருத்தை யாரும் பேசமாட்டார்கள், கொடியையே பேசுவார்கள். எண்களைத் தவிர எழுத்தே கூடாது. அப்படியிருந்தால் அதே சித்திரத்தைக் கன்னடப் பத்திரிகையும் ஒரு புள்ளி மாற்றாமல் போடலாம். நீர் கம்பத்தின் கீழ்ப்பகுதியில் மட்டும் நிற்கிறது. மேலே உள்ள வெற்றிடத்தை மேகம், சூரியன், பறவை என்று நிரப்ப ஆசை வரும். அந்த வெற்றிடமே பொய்த்த மழை. அதை விட்டுவைக்க வேண்டும்.

இப்படிப்பட்ட பொருள்கள் உட்கார்ந்த இடத்தில் தோன்றுவதில்லை. தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகையை முழம் போடும் கை, எடைக்கல்லுக்குப் பதிலாகத் தட்டில் வைக்கும் உருளைக்கிழங்கு, பூட்டிய கடைமுன் தொங்கும் எலுமிச்சையும் மிளகாயும், பஸ் ஸ்டாண்டில் இடம் பிடிக்க ஜன்னல் வழியே போட்ட கைக்குட்டை என்று பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிச் சேர்த்துவர வேண்டும். கைக்குட்டை இன்றைக்கு எதற்கும் உதவாது. கூட்டணிப் பேரம் பற்றிய கட்டுரை வரும் நாளில் அது போதும். லக்ஷ்மண் ஆயுள் முழுவதும் காக்கைகளை ஓயாமல் எழுதிக்கொண்டிருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவருக்கு வேலையாக இருந்தது. ஒரே ஒரு பொருளை மட்டும் மைசூர்ச் சித்திரக்காரர்களுக்கு நான் வேண்டாமென்பேன்: தசரா யானை. பெருமை என்றாலும் யானை, பாரம்பரியம் என்றாலும் யானை, சுற்றுலா என்றாலும் யானை என்று ஆகிவிட்டது. அந்த யானை சுமக்கும் தங்க அம்பாரியின் எடை 750 கிலோ. சுமையைப் பற்றிய கட்டுரை வந்தால் மட்டும் கூப்பிடுங்கள்.

கட்டுரைக்கும் சித்திரத்துக்கும் இடைவெளி

சித்திரம் கட்டுரையை எவ்வளவு நெருங்கி நிற்கலாம் என்பது தீராத விவாதம். 21 செப்டம்பர் 1970-ல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை தலையங்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் பிறர் அபிப்பிராயங்களுக்கென ஒரு பக்கத்தை ஒதுக்கியபோது, அங்கே வந்த சித்திரங்கள் கட்டுரையில் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல், அதற்கு இணையாக நின்று தம் போக்கில் ஒன்றைச் சொல்லின. ரோலாண்ட் டோபோர், பிராட் ஹாலண்ட் போன்றோர் அங்கு எழுதியவை உலகெங்கும் இத்தொழிலின் போக்கை மாற்றிவிட்டன. நம் நாட்டில் கி. ராஜநாராயணனின் எழுத்துக்கு ஆதிமூலம் எழுதிய கோடுகளிலும், டிராட்ஸ்கி மருதுவின் சித்திரங்களிலும் இந்தச் சுதந்திரம் தெரியும். ஆனால் சுதந்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கட்டுரையைப் படித்துவிட்டு மறுபடி படத்தைப் பார்க்கும் வாசகருக்கு 'ஓகோ' என்று ஒரு சிறு வெளிச்சம் தோன்ற வேண்டும். 'இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்' என்று தோன்றினால், எவ்வளவு உயர்ந்த சித்திரமானாலும் அது கண்காட்சிக்கு உரியது.

இதைச் சோதிக்க ஒரு வழி: ரஃப்பை முடித்ததும், கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் காட்டி, என்ன தெரிகிறது என்று கேளுங்கள். அவர் விஷயத்தை அப்படியே சொல்லிவிட்டால் படம் சுலபமாகிவிட்டது. ஒன்றுமே சொல்லத் தெரியாவிட்டால் கடினமாகிவிட்டது. "ஏதோ ரெண்டு பேருக்குக் கணக்கு ஒத்துவரலைன்னு தெரியுது" என்றாரானால் போதும். மீதியைக் கட்டுரை பார்த்துக்கொள்ளும். சக சித்திரக்காரர்களிடம் மட்டும் காட்டாதீர்கள். அவர்கள் கோட்டைப் பார்ப்பார்கள்.

ஆசிரியருக்கு ஒரு கட்டுரைக்கு மூன்று ரஃப்கள் அனுப்புவது வழக்கம். மூன்றும் ஒரே கருத்தின் வெவ்வேறு கோணங்களாக இராமல் மூன்று கருத்துகளாக இருக்க வேண்டும். முக்கியமாக, வந்துவிட்டால் எழுத உங்களுக்கே பிடிக்காத ஒன்றை எண்ணிக்கைக்காகச் சேர்க்கவே கூடாது. அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி விளக்கம் போதும். இரண்டு வரி தேவைப்பட்டால் சித்திரத்தில் குறை இருக்கிறது என்று பொருள். ஆசிரியர், "நல்லா இருக்கு சார், ஆனா தண்ணிப் பிரச்சினைன்னு தெரியற மாதிரி ஓரத்துல ஒரு குழாய் போட்டுடுங்களேன்; அஞ்சு மணிக்கு ஃபாரம் போகணும்" என்பார். குழாயை மறுக்கலாம், ஆனால் அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் பயத்தை மறுக்கக்கூடாது; வாசகருக்குத் தண்ணீர் தெரியவில்லையோ என்பது நியாயமான சந்தேகம். கம்பத்தின் அடியில் இரண்டு சிற்றலைகளைச் சேர்த்து, "இப்போ பாருங்க சார்" என்று அனுப்புவது விவேகம்.

அச்சும் உரிமையும்

கணினித் திரையில் ஜொலிப்பது நியூஸ்பிரிண்டில் ஜொலிக்காது. செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சி, புள்ளிகளை விரியச் செய்யும். மெல்லிய கோடுகள் சில மறையும், நெருக்கமான கோடுகள் சேர்ந்து ஒரே கறையாகும். தினசரிக்கு எழுதும்போது நான்கு வர்ணங்களும் சேர்ந்த மொத்த மை 240 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். பளபளப்புக் காகிதத்தில் அச்சாகும் மலருக்கு 300 வரை போகலாம். கறுப்புக் கோட்டைக் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள்; நான்கு வர்ணம் கலந்த கறுப்பு, அச்சு இம்மி விலகினாலும் ஓரத்தில் சாயம் காட்டும். அச்சாகும் அளவிலேயே, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கோப்பைத் தயாரித்துக் கொடுப்பது நல்லது. இவற்றுக்கெல்லாம் முன்பு, எத்தனை பத்தி அகலம், எவ்வளவு உயரம், மடிப்பு எங்கே விழும் என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் அளவுக்கம்பத்தை நீட்டிப் படுக்கவைத்த இடத்தில் போட முடியாது.

பணம், உரிமை இரண்டையும் வரையத் தொடங்கும் முன்பே எழுத்தில் பேசிக்கொள்வது அவசியம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பணம் பெற்றுக்கொண்டு ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் தீட்டும் ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரையே முதல் உரிமையாளர் ஆக்குகிறது. ஆகவே, 'ஒருமுறை பிரசுரிக்கும் உரிமை மட்டும்' என்ற ஒரு வரியை மின்னஞ்சலில் எழுதி, அவர்கள் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். 19-ஆம் பிரிவின்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் 5 வருஷம், இடம் குறிக்காவிட்டால் இந்தியா முழுவதும் என்று சட்டம் கொள்ளும். ரஃப் ஏற்கப்பட்ட பின் கட்டுரையே நின்றுபோனால் பாதித் தொகை, ஏற்றுக்கொண்ட கருத்தைப் பிறகு மாற்றச் சொன்னால் தனித் தொகை என்பவற்றையும் அதே கடிதத்தில் சேர்க்கலாம்.

தேசியச் சின்னத்தைச் சித்திரத்தில் வைப்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள். நாற்சிங்கத்தைத் தகாதபடி உபயோகிப்பதைத் தடுக்க 2005-ல் தனிச்சட்டமே வந்திருக்கிறது. அந்தச் சின்னத்தை மாற்றி எழுதிய அசீம் திரிவேதி 2012-ல் பம்பாயில் கைதானது எல்லாரும் அறிந்தது. தமிழ்நாட்டிலும், 1987-ல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியன் சிறை புகுந்தார். பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. சட்டத்தை மீறும் சித்திரம் அதைத் தெரிந்து மீற வேண்டும், கவனக்குறைவால் மீறக்கூடாது.

கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூலையில் மெல்லிய பென்சில் கோட்டில், பூனைக்குட்டி நடந்த மாதிரி ஒரு கிறுக்கல் போட்டுவிட்டுப் பெயர் தெரியவில்லை என்று வருந்துவோர் பலர். கோட்டின் கனத்துக்குக் குறையாத கனத்தில், அச்சில் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல், படத்தின் கருத்துக்கு இடையூறு செய்யாத ஓரத்தில் இடுங்கள். 'ஹிந்து'வில் மறுபிரசுரமாகி வந்த டேவிட் லோவின் கேலிச்சித்திரங்களைச் சிறுவயதில் தேடித் தேடிப் பார்த்த லக்ஷ்மண், வெகுகாலம் வரை அந்த ஆங்கிலக் கையெழுத்தை 'லோ' என்று படிக்காமல் 'கௌ' என்றே படித்துக்கொண்டிருந்தாராம்.